கட்டுவிரியன் கடித்தால் மூச்சு நிற்கிறது, இதயம் ஏன் நிற்பதில்லை?

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப நடப்பது இது. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கடித்த தடம் தேடினாலும் கிடைக்காது. கொஞ்ச நேரத்தில் இமை தானாக இறங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது கை கால் அசையாது, மூச்சு ஏறக்குறைய நின்றிருக்கும். கண்மணியில் டார்ச் அடித்தால்கூடச் சுருங்காது.

பார்க்கிற உறவினர்கள் 'முடிந்தது' என்றுதான் நினைப்பார்கள். ஆனால் மானிட்டரில் இதயம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அது மட்டுமல்ல, அசையாமல் கிடப்பவருக்குச் சுற்றிலும் பேசுவது காதில் விழுந்துகொண்டும் இருக்கலாம். செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருந்தால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கட்டுவிரியனுக்கு எட்டடி விரியன் என்றும் ஒரு பெயர் உண்டு. எட்டு அடி வைப்பதற்குள் உயிர் போய்விடுமாம். உண்மையில் இந்த விஷம் வேலை செய்யப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த மணி நேரங்கள்தான் பிழைப்பதற்கான வாய்ப்பு.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. அதாவது ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. சரி, மூச்சை நிறுத்துகிற விஷம் இதயத்தை ஏன் விட்டுவைக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் பிரஷர் மாத்திரை எப்படி வேலை செய்கிறது, சில ஆன்டிபயாடிக் எழுதும் முன் சிலருக்கு ஈசிஜி ஏன் எடுக்கிறார்கள், ஓடும்போது மயங்கி விழும் பிள்ளையை எங்கே கூட்டிப்போக வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்தே புரிந்துவிடும்.

செல்லின் கரையில் உள்ள மடைகள்

ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அதை ஒரு கண்மாய்க் கரை என்று வைத்துக்கொள்ளலாம். கரைக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்று இருக்கும். அது வெளிப்பக்கத்து அளவு. செல்லுக்குள்ளே அதே பொட்டாசியம் 140 அளவில் இருக்கிறது. சோடியம் இதற்கு நேர் எதிர்: வெளியே 140, உள்ளே 10, 15தான்.

இந்த ஏற்றத்தாழ்வு சும்மா வருவதில்லை. சவ்வில் ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. மோட்டார் போட்டுத் தண்ணீரை மேட்டில் ஏற்றி வைப்பது போலத்தான்.

அயனி என்பது மின்னூட்டம் உள்ள அணு. சாப்பாட்டு உப்பைத் தண்ணீரில் போட்டால் சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்துவிடும். இந்த அயனிகள் கொழுப்புச் சவ்வைத் தாங்களாகக் கடக்க முடியாது. அதற்கென்று சவ்வில் புரதத்தாலான துளைகள் உண்டு. பாடப்புத்தகம் அவற்றை அயனித் தடங்கள் என்கிறது, டாக்டர்கள் சேனல் என்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு மடை என்றால் சட்டென்று புரியும்: மூடியிருக்கும், காரணம் இருந்தால் திறக்கும், திறந்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும்.

கண்மாய் மடைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செல்லின் மடை ஆள் பார்த்து விடும். பொட்டாசிய மடை பொட்டாசியத்தை மட்டும்தான் விடும், அதைவிடச் சிறிய சோடியத்தை விடாது. பெரியது நுழையும் வழியில் சிறியது எப்படி நுழையாமல் போகும்? இது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1998ல் ராடரிக் மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசிய மடையைப் படிகமாக்கி, அணு அணுவாக வடிவத்தைக் காட்டியது. அயனியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். மடைக்குள் நுழைய அவற்றை விட வேண்டும். விட்ட தண்ணீருக்குப் பதிலாக மடையின் உட்சுவர் பொட்டாசியத்தைச் சரியான தூரத்தில் தாங்கிப் பிடிக்கிறது. சிறிய சோடியத்துக்கு அந்தப் பிடிமானம் எட்டுவதில்லை, அதனால் அது தண்ணீரை விட்டு வருவதில்லை. மெக்கின்னனுக்கு 2003ல் நோபல் பரிசு கிடைத்தது.

திறக்கும் விதத்தை வைத்து இங்கே இரண்டு வகை போதும். மின்னழுத்தம் மாறினால் திறப்பவை ஒன்று. ஏதாவது ஒரு வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறப்பவை இன்னொன்று. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வேலை செய்கின்றன.

நரம்பிலிருந்து தசைக்கு உத்தரவு போகும் வழி

நரம்பு தசையோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டாது. அதனால் உத்தரவு வேதிப்பொருளாக மாறி, கடந்து, மறுபடி மின்சாரமாகிறது.

1. நரம்பில் ஓடிவரும் மின்துடிப்பு அதன் நுனியை எட்டுகிறது.
2. நுனியில் உள்ள கால்சிய மடைகள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது.
3. நுனிக்குள் அசிட்டைல்கோலின் நிரம்பிய பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 10,000 மூலக்கூறுகள். கால்சியம் பட்டதும் பைகள் சவ்வோடு இணைந்து உள்ளிருப்பதை வெளியே கொட்டுகின்றன.
4. எதிரே தசையின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பியே ஒரு மடைதான். இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் ஒட்டினால் திறந்து சோடியத்தை உள்ளே விடுகிறது. தசையில் மின்துடிப்பு கிளம்பித் தசை சுருங்குகிறது.
5. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை அங்கேயே காத்திருக்கும் ஒரு நொதி உடைத்துப்போடுகிறது. உடைக்காவிட்டால் அடுத்த உத்தரவு போகாது.

மூச்சு விடுவதும் இப்படித்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் கைத்தசை போல ஒரு தசை. கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் அதற்கு உத்தரவு போட வேண்டும். தூக்கத்தில்கூட.

இரண்டு பாம்பு, இரண்டு பூட்டு

நல்ல பாம்பின் நரம்பு விஷம் 4வது படியில் உட்காருகிறது. தசையின் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு அசிட்டைல்கோலினுக்கு இடம் விடுவதில்லை. நரம்பு உத்தரவு அனுப்புகிறது, வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் தசையைத் தளர்த்தப் போடும் ஊசி மருந்துகளில் பலவும் இதே இடத்தில் இதே வேலையைத்தான் செய்கின்றன. அங்கே மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இருந்து மூச்சைப் பார்த்துக்கொள்கிறார்.

இந்தப் பூட்டை ஓரளவு நெம்பலாம். 5வது படியில் உள்ள நொதியைத் தடுக்கும் நியோஸ்டிக்மின் ஊசி போட்டால் அசிட்டைல்கோலின் தேங்கும். தேங்கி, விஷத்தோடு போட்டிபோட்டு ஏற்பிகளைப் பிடிக்கும். விஷமுறிவு ஊசியோடு இதையும் போடுவது அதனால்தான்.

கட்டுவிரியன் வேறு மாதிரி. அதன் விஷத்தில் நல்ல பாம்பின் விஷத்தைப் போன்ற பொருளும் உண்டு. ஆனால் பெரிய சேதத்தைச் செய்வது நரம்பு நுனியையே தாக்கும் நொதி வகை நஞ்சு. கட்டுவிரியன் இனத்தில் பீட்டா பங்காரோடாக்சின் என்ற நஞ்சைத்தான் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பாகம். ஒன்று நரம்பு நுனியின் பொட்டாசிய மடையைப் பிடித்துக்கொள்கிறது, அதாவது இடம் காட்டுகிறது. இன்னொன்று சவ்வின் கொழுப்பை அரிக்கிறது. அசிட்டைல்கோலின் பைகள் காலியாகி, நுனியே சிதைந்துபோகிறது.

விஷமுறிவு மருந்தின் எல்லை இங்கேதான் தெரிகிறது. அது ரத்தத்தில் திரியும் விஷத்தைப் பிடிக்கும், சிதைந்த நுனியைக் கட்டித் தராது. நுனி தானே மறுபடி வளர வேண்டும், அதுவரை வென்டிலேட்டர். 'ஊசி போட்டும் எழுந்திருக்கவில்லையே' என்று உறவினர்கள் டாக்டரிடம் சண்டை போடும் இடமும் இதுதான். அந்தச் சண்டையில் நியாயம் குறைவு. கட்டுவிரியன் கடிக்குச் சீக்கிரம் போவது முக்கியம் என்பதற்குக் காரணமும் இதே. விஷம் நுனிக்குள் போன பிறகு போடும் ஊசி, ஆடு வெளியேறிய பிறகு பட்டியை அடைப்பது போல.

கடித்த இடத்தைக் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது இரண்டுமே கெடுதல். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ல் ஏற்ற வேண்டும். வலி இல்லையே, தடம் இல்லையே என்று விடியும் வரை காத்திருக்கக் கூடாது. மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்க இருட்டோடு போகிறவர்கள் தலையில் லைட் கட்டுவது மொட்டைப் பார்க்க மட்டும் அல்ல, காலடியைப் பார்க்கவும்தான்.

விஷம் ஆராய்ச்சிக்கும் உதவியிருக்கிறது. 1963ல் தைவானில் சாங், லீ என்ற இருவர் அங்குள்ள கட்டுவிரியன் இனத்திலிருந்து ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தார்கள். அது தசையின் ஏற்பியில் ஒட்டினால் லேசில் விடாது. அந்தப் பிடிவாதத்தையே தூண்டிலாக்கி, பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் ஏற்பியை முதல் முறையாகத் தனியே பிடித்தார்கள். அடுத்து 1973ல், மயஸ்தீனியா என்ற நோய் உள்ளவர்களின் தசையில் ஏற்பிகள் குறைந்திருப்பதை இதே நஞ்சைக் கொண்டு எண்ணிக் காட்டினார்கள். சாயங்காலமானால் இமை தொங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது, சாப்பாட்டை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்வது இந்த நோயின் அடையாளங்கள். பாம்பு செய்வதை இங்கே உடலின் எதிர்ப்புப் புரதங்கள் மெதுவாகச் செய்கின்றன.

இதயம் யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை

மாற்று இதயம் பொருத்தும்போது நரம்புகளை இணைப்பதில்லை. ஆனாலும் அது துடிக்கிறது. இதயத்தின் வலது மேலறையில் சிறிய செல்கூட்டம் ஒன்று இருக்கிறது. அதன் சவ்வில் உள்ள மடைகள் ஒரு துடிப்பு முடிந்ததும் தானாகத் திறந்து, மெல்ல மெல்லச் சோடியத்தை உள்ளே விட்டு அடுத்த துடிப்பைக் கிளப்பிவிடுகின்றன. மற்ற மடைகளுக்கு நேர்மாறாக நடந்துகொண்டதால் 1970களின் கடைசியில் இதைக் கண்டுபிடித்தவர்கள் 'வேடிக்கையான மின்னோட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் இன்றும் அதுதான். இதயத் துடிப்பைக் குறைக்க எழுதித் தரும் ஐவாபிராடின் மாத்திரை அடைப்பது இந்த மடையை.

ஆக முதல் விடை: நரம்புக்கும் தசைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை விஷம் பூட்டினால் உதரவிதானம் உத்தரவு கிடைக்காமல் ஓய்கிறது. இதயத்துக்கு அந்த வழி தேவையே இல்லை. ஆனால் மூச்சு நின்றால் சில நிமிடங்களில் ஆக்சிஜன் இல்லாமல் இதயமும் நின்றுவிடும். அந்தச் சில நிமிடங்களை நீட்டுவதுதான் ஆம்புலன்ஸில் கையால் அழுத்தும் காற்றுப் பையும் வார்டில் உள்ள வென்டிலேட்டரும்.

கால்சியத்தின் கதை இன்னும் சுவையானது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டுக்கொண்டிருந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் தயாரித்தபோது இதயம் ஓய்ந்துபோனது. அதற்கு முன் பயன்படுத்தியது குழாய்த் தண்ணீர். அதில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது என்று 1883ல் எழுதினார். இன்று மருத்துவமனையில் ஏற்றும் 'ஆர்.எல்.' பாட்டிலின் முதல் எழுத்து அவர் பெயர்தான்.

கைத்தசை தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைக் கொண்டே சுருங்கிவிடும். இதயத் தசைக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் மடை வழியாக வந்தாக வேண்டும். அதனால் கைத்தசையின் மின்துடிப்பு சில மில்லி செகண்டில் முடிகிறது, இதயத்துடையது 200, 300 மில்லி செகண்ட் நீள்கிறது.

லட்சக்கணக்கானவர்கள் தினமும் விழுங்கும் அம்லோடிபின் ஒரு கால்சிய மடை அடைப்பான். ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள மடையை அடைத்துக் குழாயைத் தளர்த்துகிறது, பிரஷர் இறங்குகிறது. அப்படியானால் நரம்பு நுனியின் கால்சிய மடையும் அடைபட்டுக் கை கால் விழுந்துவிடாதா? விழாது. இரண்டும் கால்சிய மடைகள்தான் என்றாலும் வேறு வேறு ஜீன்களில் உருவாகும் வேறு வேறு புரதங்கள். அம்லோடிபின் ஒன்றில் மட்டும் பொருந்துகிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் இந்தப் பொருத்தம்தான் எல்லாம்.

ஒரே பொருள், இரண்டு உத்தரவு

இதயத்துக்கு நரம்பு தேவையில்லை என்றேன். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நரம்பு வருகிறது. 1921ல் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதை மெதுவாக்கினார். அந்த இதயம் நனைந்திருந்த கரைசலை இன்னொரு இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது அன்றுதான் உறுதியானது. அந்தப் பொருளும் அசிட்டைல்கோலின்தான்.

தசையை இழுக்கச் சொல்லும் அதே பொருள் இதயத்தை அடங்கச் சொல்கிறது. காரணம், இதயத்தில் உள்ள ஏற்பி வேறு. அது தானே மடை அல்ல, பக்கத்திலுள்ள பொட்டாசிய மடையைத் திறக்கச் சொல்லும் மணி. பாம்பு விஷம் தசை ஏற்பியில் பொருந்தும் அளவுக்கு இதில் பொருந்துவதில்லை. இது இரண்டாவது விடை.

இதனால் ஒரு சிகிச்சைச் சிக்கலும் வருகிறது. நியோஸ்டிக்மின் போட்டால் அசிட்டைல்கோலின் தசையில் மட்டும் தேங்காது, இதயத்திலும் தேங்கி அதை மெதுவாக்கும். அதனால் கூடவே அட்ரோபின் போடுகிறார்கள். அது இதயத்தில் உள்ள வகை ஏற்பிகளை மட்டும் மூடும், தசை ஏற்பியைத் தொடாது.

வயலில் மருந்தடிக்கும்போது முகமூடி, கையுறை இல்லாமல் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறினால் நடப்பதும் இதுவே, பல மடங்காக. 5வது படியின் நொதி முடங்குகிறது. எச்சில், கண்ணீர் வடிகின்றன, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, நாடி குறைகிறது, தசைகள் துள்ளித் துள்ளி ஓய்கின்றன. அட்ரோபின் எச்சிலையும் நாடியையும் சரிசெய்யும், தசையின் பலவீனத்தைச் சரிசெய்யாது. காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

இதயத்தின் மடையே பழுதானால்

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதய செல்கள் பொட்டாசியத்தை வெளியே விட்டு ஓய்வுநிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு எடுக்கும் நேரத்தை ஈசிஜியில் 'க்யூடி' இடைவெளியாக அளக்கிறார்கள். பொட்டாசிய மடை மெத்தனமானால் இந்த இடைவெளி நீள்கிறது. நீண்டு கிடக்கும்போது தவறான நேரத்தில் ஒரு துடிப்பு கிளம்பினால் இதயம் தாளம் கெட்டுத் துடிதுடிக்கும், ரத்தம் வெளியேறாது. ஆள் மயங்கி விழுவார். தானாகச் சரியானால் எழுவார், இல்லாவிட்டால் இல்லை.

பிறவியிலேயே க்யூடி நீண்டவர்கள் உண்டு. இதற்குக் காரணமான மூன்று முக்கிய ஜீன்கள் 1995, 1996ல் அடையாளம் காணப்பட்டன. மூன்றுக்கும் மூன்று குணம். ஒன்றில் ஓட்டமும் நீச்சலும் ஆபத்து, கிணற்றில் குதித்த பையன் மேலே வராமல் போவது இதனாலும் இருக்கலாம். இன்னொன்றில் அலாரம், வெடி போன்ற திடீர்ச் சத்தம். மூன்றாவதில் தூக்கம். இவர்களை வலிப்பு என்று பல வருடம் மாத்திரை கொடுத்து வைத்திருப்பதும், காத்துக்கருப்பு என்று கோயில் கோயிலாக அலைவதும் நம் பக்கத்தில் நடக்கக்கூடியதுதான். ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்த பிள்ளைக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பதில் செலவு பெரிதில்லை.

இந்த நோயின் ஒரு வடிவம் நமக்கு அதிகம் பொருந்தும். 1957ல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே நீல்சன் என்ற டாக்டர்கள் விவரித்தது: பிறவிக் காதுகேளாமையும் நீண்ட க்யூடியும் சேர்ந்து வருவது. இதயத்தில் உள்ள அதே பொட்டாசிய மடை உள்காதிலும் இருக்கிறது, அங்குள்ள திரவத்துக்குப் பொட்டாசியம் ஊட்டுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த வடிவம் வரும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை மயங்கியும் விழுந்தால் காது டாக்டரோடு நிறுத்தாமல் இதய டாக்டரையும் பார்க்க வேண்டும்.

பிறவிப் பழுது இல்லாதவருக்கும் மருந்தால் இது வரலாம். இதயத்தின் பொட்டாசிய மடைகளில் ஒன்று வாய் அகன்றது, பலவிதமான மருந்துகள் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். டெர்ஃபெனாடின் என்ற அலர்ஜி மாத்திரை, சிசாப்ரைடு என்ற வயிற்று மாத்திரை இரண்டும் இதனால்தான் பல நாடுகளில் கடையிலிருந்து இறக்கப்பட்டன. இப்போது எந்தப் புது மருந்தையும் இந்த மடையில் சோதிக்காமல் விடுவதில்லை.

1. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்ஸசின், டோம்பெரிடோன், ஓண்டான்செட்ரான், ஹாலோபெரிடால், குளோரோகுவின் ஆகியவை க்யூடியை நீட்டக்கூடியவை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது.
2. இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகச் சேரும்போது ஆபத்து கூடுகிறது. காய்ச்சல், வாந்தி என்று மெடிக்கலில் சொல்லி வாங்கும் கலவை மாத்திரைப் பொட்டலம் இப்படி அமைந்துவிடலாம்.
3. வாந்தி, பேதியால் பொட்டாசியம் இறங்கியிருந்தால் மேலும் கூடுகிறது.
4. க்யூடி 500 மில்லி செகண்டைத் தாண்டினால் டாக்டர்கள் மருந்தை மாற்றிவிடுவார்கள்.

பொட்டாசியம் ஏறினாலும் ஆபத்துதான். சித்திரை வெயிலில் இளநீர் எல்லோருக்கும் நல்லது, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மட்டும் கெடுதல். அதில் உள்ள பொட்டாசியத்தை அவர்களால் வெளியேற்ற முடியாது. அளவு ஏறினால் இதயம் மெதுவாகி நின்றே போகலாம்.

மாரடைப்பு என்பது இவற்றிலிருந்து வேறு. அது ரத்தக்குழாய் அடைபட்டுத் தசை பட்டினி கிடப்பது. ஆனால் அந்தப் பட்டினியில் தவிக்கும் தசையின் மடைகள் தாறுமாறாகித் தாளம் கெடுவதால்தான் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறக்கிறார்கள். அப்புறம், மடையே சம்பந்தப்படாத இதய நோய்களும் உண்டு. 2009ல் வெளியான ஓர் ஆய்வு, இதயத் தசையின் ஒரு புரதத்தை உருவாக்கும் ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதைக் காட்டியது. ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யோடு மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். இதில் கெடுவது சுருங்கும் இயந்திரம். பலருக்கு நடுவயது தாண்டும் வரை எதுவும் தெரியாது.

ஊசிக்கு அடுத்து என்ன?

குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் இன்றைய விஷமுறிவு மருந்துக்கு மாற்று தேடும் வேலை வேகமாக நடக்கிறது. 2024ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து செயற்கையாக உருவாக்கிய ஒரு மனித எதிர்ப்புப் புரதத்தை அறிவித்தன. நாகம், கட்டுவிரியன் இனங்களின் ஆல்ஃபா வகை நஞ்சுகளைப் பிடிக்கும் அது, எலிகளைக் காப்பாற்றியது. அது தடுப்பது 4வது படியில் விழும் பூட்டை.

நரம்பு நுனியை அரிக்கும் நஞ்சுக்கு வேறு வழி பார்க்கிறார்கள். அந்த அரிக்கும் நொதியை நேரடியாகத் தடுக்கும் வாரெஸ்ப்ளாடிப் என்ற மருந்தை வாய் வழியே கொடுக்கலாம், வீட்டிலிருந்து கிளம்பும்போதே விழுங்கலாம் என்பது எதிர்பார்ப்பு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்பு கடித்தவர்களிடம் நடந்த முதல் சோதனையில் எதிர்பார்த்த முதன்மைப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. அதனால் நுனி சிதைந்த கட்டுவிரியன் கடிக்கு இன்றைய தேதியில் வென்டிலேட்டரும் நாட்களும்தான் சிகிச்சை. பக்கத்தில் இருப்பவர்கள் அவர் காதுக்குக் கேட்கும்படி நல்ல வார்த்தையாகப் பேசினால் போதும்.